கல்யாணத்தை ஆராய யார் காசு தருவார்?

மருமகளே, திருமணம், குடும்பம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற அலுவலகம் ஒன்றையும் நம் நாட்டில் நான் பார்த்ததில்லை. கரும்புக்குக் கோயம்புத்தூரில் தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாழைக்குத் திருச்சியில் இருக்கிறது. ஊருக்கு ஊர் மண்டபம் கட்டி, கடன் வாங்கி, நாலு தலைமுறை உறவைக் கூட்டி நடத்துகிற கல்யாணத்துக்கு அப்படி ஒன்று இல்லை. "அத்தை, குடும்பத்தைப் பற்றித்தான் பிஎச்.டி. பண்ணப்போகிறேன், ஃபெலோஷிப் எங்கே கிடைக்கும்?" என்று நீ போனில் கேட்டபோது ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியாமல் போனது அதனால்தான். கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் படித்தவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உன் சிநேகிதிகளுக்கும் உதவும் என்றால் காட்டு.

பணம் இருக்கிறது, ஆனால் வேறு பெயர் எழுதிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. சமூகவியல், மானுடவியல், மக்கள்தொகையியல், மகளிரியல், சமூகப்பணி, மனையியல் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வில் தனித்தனிப் பாடங்கள். குடும்பம் எல்லாவற்றிலும் வருகிறது. மனையியல் பாடத்திட்டத்தில் குடும்பவியலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சமூகவியல்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை, அது எங்கள் கூட்டத்தின் கர்வம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை உன் கேள்விதான் முடிவுசெய்யும். நம் வீட்டுச் சங்கதியையே எடுத்துக்கொள்வோம். உன் அப்பா கட்டியது தாய்மாமன் மகளை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் சொந்தத்துக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள். இதில் பிறக்கும் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கேட்டால் மக்கள்தொகையியல்காரர் உட்காரச் சொல்வார். முறை என்கிற உரிமை எந்த வழியாக இறங்குகிறது என்றால் மானுடவியல். பெண்ணிடம் சம்மதம் கேட்டார்களா என்றால் மகளிரியல். முறைமாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் தாய்க்கும் அந்தத் தாயின் உடன்பிறந்தவனுக்கும் நடுவில் அதற்குப் பிறகு கைமாற்று, காதுகுத்து, ஆஸ்பத்திரித் துணை எல்லாம் தொடர்கிறதா, அறுந்துபோகிறதா என்று கேட்டால் அது சமூகவியல். எனக்குப் பிடித்த கேள்வி இந்தக் கடைசிதான். இதுவரை ஒரு விண்ணப்பத்திலும் பார்க்கவில்லை.

விண்ணப்பங்களில் நான் பார்த்ததெல்லாம் வேறு. "தமிழகத்தில் குடும்ப அமைப்பின் மாறிவரும் போக்குகள்", "கூட்டுக்குடும்பச் சிதைவும் முதியோரும்", "நவீனமயமாதலும் திருமணமும்". தலைப்பைப் படித்ததுமே முடிவுரையும் தெரிந்துவிடும். கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்களே, அதை எண்ணிப் பார்த்த சமூகவியலாளர்களில் ஐ.பி. தேசாய் குஜராத்தின் மஹுவா ஊரை வைத்து 1964லேயே புத்தகம் எழுதினார். 1973இல் ஏ.எம். ஷா எழுதினார். ஒரே கூரையின் கீழ் இருப்பது ஒன்று, தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டும் கடன், நிலம், சடங்கு இவற்றால் கட்டுண்டிருப்பது இன்னொன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டியதைப் படிக்காமலே இன்னமும் பிள்ளைகள் சினாப்சிஸ் எழுதுகிறார்கள். குழுவில் இருப்பவர் முதல் பக்கத்திலேயே கண்டுகொள்வார்.

இடத்தையும் ஆளையும் பணத்தையும் கேள்விக்குள் கொண்டுவா. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். வயசுப் பெண்களை விடுதியில் வைத்து மூன்று வருஷம் வேலை வாங்கிவிட்டு, கல்யாணச் செலவுக்கு என்று கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அப்படிப் போய் வந்த பெண்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொகை கல்யாணத்துக்குப் போனது, எத்தனை பேருக்கு அண்ணன் பைக்குக்கும் அப்பாவின் வட்டிக்கும் போனது, இன்று அவர்கள் தங்கள் மகளின் கல்யாணத்துக்கு எப்படிச் சேர்க்கிறார்கள்? இது குடும்ப ஆய்வு, தொழிலாளர் ஆய்வு, பெண்கள் ஆய்வு மூன்றுமாகும். மூன்று இடத்தில் விண்ணப்பிக்கலாம், பொய் சொல்லாமல்.

இனி எங்கே எவ்வளவு என்பதற்கு வருகிறேன். முதலில் நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கப் பார். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் எஸ்.ஆர்.எஃப். என்கிற முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000, ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி வேறு. மொத்தம் ஐந்து ஆண்டு. வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஜே.ஆர்.எஃப். கடிதம் வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பிஎச்.டி.யில் சேர்ந்துவிட வேண்டும். நம் பிரிவுகளுக்குப் பயணம், நகல், புத்தகம் என்று தருகிற சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டு வருஷத்துக்கு 10,000 ரூபாய்தான், பிறகு 20,500. வீடுவீடாகப் போய்ப் பேச வேண்டிய ஆய்வுக்கு இந்த 10,000 பஸ் செலவுக்கும் காணாது. உதவித்தொகையிலிருந்தே களப்பணிக்கு எடுத்துவைக்க வேண்டும் என்பதை இப்போதே மனதில் எழுதிக்கொள். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் நெட் மதிப்பெண் வீணாகாது. 2024 ஜூன் தேர்விலிருந்து அதை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடக்கிறது. நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கு, ஓராண்டு செல்லும்.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். குடும்பத்தை ஆராய என்று தனியாகக் காசு தராத யு.ஜி.சி., ஆராய்ச்சியாளரின் குடும்பத்தைப் பார்த்துக் காசு தருகிறது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் ஒரே பெண்ணாகப் பிறந்திருந்தால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் பிஎச்.டி. உதவித்தொகை உண்டு. இரட்டைப் பெண்களானாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். உனக்குத் தம்பி இருப்பதால் இது உனக்கு இல்லை. உன் தோழி ஒற்றைப் பிள்ளைதானே, அவளுக்குச் சொல்.

டெல்லியில் 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தை ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ஏற்கெனவே பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, வேறு உதவி வாங்காதவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு தருகிறது, தொகை ஜே.ஆர்.எஃப். அளவுக்கு வராது. அதன் ஆதரவில் நடக்கிற நிறுவனங்களில் ஒன்று நம் அடையாறில் இருக்கிறது, மால்கம் ஆதிசேசையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், எம்.ஐ.டி.எஸ். போய் நூலகத்தில் உட்கார்ந்து பார். அங்கே நடக்கிற கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்தாலே எந்தக் கேள்விக்கு யார் காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசும் ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு வைத்து முதலமைச்சர் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் முழுநேரமாகப் பிஎச்.டி. செய்தால் மாநில அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். தேசிய மகளிர் ஆணையமும் அவ்வப்போது ஆய்வுக் கருத்துருக்களைக் கேட்கும். அது நிறுவனங்களின் வழியாகப் போக வேண்டியது, உன் வயசில் தனியாகப் போக முடியாது.

எந்த உதவித்தொகையையும் கல்லில் செதுக்கியதாக நினைக்காதே. சிறுபான்மையினப் பிள்ளைகளுக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி முதுகலை சேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நடக்கிற உதவித்தொகையும் மாதம் பிறந்ததும் வந்துவிடாது. மாதாமாதம் பல்கலைக்கழகம் உன் வருகையை உறுதிசெய்து பதிவேற்ற வேண்டும். கைடு ஊரில் இல்லை, அலுவலக உதவியாளர் லீவு என்றால் அந்த மாதம் பணம் நிற்கும். சில சமயம் மூன்று நான்கு மாதம் சேர்த்து வரும். வீட்டில் 37,000 என்று கேட்டதும் நகைச்சீட்டில் சேரச் சொல்வார்கள். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தனியாக ஒதுக்கிவைத்த பிறகு சீட்டைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிடு.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றி நூலகத்தில் நீ தேடினால் முதலில் கையில் கிடைக்கிற புத்தகங்களை எழுதியவர்கள் யார் என்று கவனித்திருக்கிறாயா? லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் நடுவில் தங்கி எழுதிய பெரிய நூல் 1957இல் பாரிஸிலிருந்து வந்தது. கேத்லீன் கஃப் தஞ்சாவூர்க் கிராமத்தில் இருந்தார். திராவிட உறவுமுறை பற்றி 1981இல் தாமஸ் டிரவுட்மன் எழுதினார். ஒரு தமிழ்க் குடும்பத்துக்குள் அன்பு எப்படிக் காட்டப்படுகிறது, எப்படி மறைக்கப்படுகிறது என்று 1990இல் மார்கரெட் டிராவிக் எழுதினார். நம்மவர்களில் இராவதி கார்வே 1953லேயே இந்தியா முழுவதற்குமான உறவுமுறையைத் தொகுத்தார், அவர் மராட்டியத்துக்காரர். வெளியார் எழுதியதைக் குறை சொல்லவில்லை. டிராவிக் புத்தகத்தைப் படித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையை யாரோ நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தது போலக் கூச்சமாகவே இருந்தது எனக்கு. ஒரு திண்ணையில் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு யாராவது சோறு போட வேண்டும். அவர்களுக்கு அவர்கள் நாட்டில் ஆள் இருந்தார்கள். நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் நூறு வினாத்தாள் நிரப்பிக்கொண்டு ஊர் திரும்புவது சோம்பேறித்தனத்தால் அல்ல.

நம் நாட்டில் குடும்பத்தை ஆராய வந்த பெரிய பணம் மக்கள்தொகைக் கவலையோடு வந்தது. மும்பையில் இருக்கிற மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ். 1956இல் தொடங்கியபோது அதன் பின்னால் இருந்தவர்கள் சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையும் இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் அவையும். எத்தனை பிள்ளை, எத்தனை வருஷ இடைவெளி, என்ன கருத்தடை என்பதுதான் கேட்கப்பட்டது. காசு கொடுத்தவர்களின் கவலை அது. மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் வீட்டுச் சாவி எப்போது கைமாறுகிறது என்று அந்தக் காசில் யாரும் கேட்கவில்லை. 1992–93இல் தொடங்கிய குடும்பநலக் கணக்கெடுப்பையும் அதே நிறுவனம்தான் நடத்துகிறது; காலப்போக்கில் அதில் கேள்விகள் விரிந்தன, வீட்டுக்குள் அடிதடி பற்றிக்கூடக் கேட்கிறார்கள்.

ஆனால் கொடுப்பவர் கவலைக்குள்ளேயே உன் கேள்வியையும் நுழைக்க முடியும் என்பதற்கு ஐ.எச்.டி.எஸ். என்கிற இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பைப் பார். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2004–05இல் 41,554 வீடுகளில் எடுத்தார்கள். 2011–12இல் பெரும்பாலும் அதே வீடுகளுக்குத் திரும்பவும் போனார்கள். பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கச் சுகாதார ஆராய்ச்சி நிதி. அந்தச் சுகாதாரக் காசில் பெண்களிடம் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் கணவரைத் தேர்ந்தெடுத்தது யார், கல்யாணத்துக்கு முன் அவரை எவ்வளவு நாள் தெரியும், வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவீர்களா, வீட்டில் முதலில் சாப்பிட உட்காருவது ஆண்களா பெண்களா. அந்தச் சாப்பாட்டு வரிசைக் கேள்வியை முதல்முதலாகப் படித்தபோது, கேள்வித்தாள் எழுதியவர்களில் யாரோ ஒருத்தி நிச்சயம் அடுக்களையில் கடைசியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்கிற விதத்தையும் அங்கே படித்துக்கொள். வரதட்சணை 1961லிருந்து சட்டப்படி குற்றம். "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் யார் சொல்வார்? அதனால் "உங்களைப் போன்ற குடும்பத்தில் பெண் கல்யாணத்துக்குப் பொதுவாக எவ்வளவு செலவாகும், என்னென்ன கொடுப்பார்கள்?" என்று ஊர் வழக்கமாகக் கேட்டார்கள். நம் கிழவிகள் சம்பந்தம் பேசும்போது செய்வதும் இதுதான், நேராகக் கேட்கமாட்டார்கள். குடும்பநலக் கணக்கெடுப்பில் வன்முறை பற்றிய பகுதிக்கு இன்னும் கடுமையான ஒழுங்கு இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் அதைக் கேட்பார்கள், தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே மாட்டார்கள். மாமியாரிடமும் மருமகளிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிடுவாய், அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும்? விண்ணப்பத்தில் ஆய்வு நெறி என்ற பகுதியில் பிள்ளைகள் "ரகசியம் காக்கப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாரை, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்துப் பேசுவாய், நடுவில் கணவர் வந்து உட்கார்ந்தால் பேச்சை எதற்கு மாற்றுவாய் என்று எழுது. குடும்ப ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விண்ணப்பங்கள் எல்லாம் அந்தப் பகுதியை நன்றாக எழுதியவைதான்.

ஐ.எச்.டி.எஸ். தரவுகள் இணையத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். உதவித்தொகை வரும்வரை கைகட்டி உட்காராதே. புள்ளியியல் படித்த யாரையாவது பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பெண்களின் பதில்களை மட்டும் பிரித்துப் பார். ஒரு கட்டுரை வந்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதுவே உனக்காகப் பேசும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முதல் ஆண்டில் அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை. இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்து ஓராண்டு ஆனவர்களுக்கு ஃபுல்பிரைட்–நேரு ஆய்வு உதவி உண்டு, ஆறிலிருந்து ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். சென்னையில் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலேயே ஃபுல்பிரைட் அலுவலகம் இருக்கிறது. 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய வென்னர்–கிரென் அறக்கட்டளை மானுடவியலுக்கு மட்டும் தருவது. எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம், முனைவர் பட்டக் களப்பணிக்கு 25,000 டாலர் வரை. உன் துறை சமூகவியலாக இருந்தாலும் கேள்வி மானுடவியல் கேள்வி என்று அவர்கள் ஒப்பும்படி எழுத வேண்டும். உறவுமுறை என்பது அந்தத் துறையின் தாய்வீடு, ஆகையால் நமக்கு அது கஷ்டமில்லை.

கடைசியாக, நீ கேட்காதது. உன் கைடு தன் ப்ராஜெக்டில் ப்ராஜெக்ட் ஃபெலோவாகச் சேரச் சொல்கிறார், மாதச் சம்பளம் உடனே வரும் என்று உன் அப்பா என்னிடம் சொன்னான். நல்ல மனுஷர், நல்ல தலைப்பு, சேராதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. பிஎச்.டி. விதிமுறைகளை எடுத்துப் படி. பெண் ஆய்வாளர் திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், தன் ஆய்வுத் தரவுகளைப் போகிற நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மணமகன் பெண் வீட்டோடு வருவான் என்று விதி எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை, அது வேறு கதை. அதன் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஆய்வு, கைடுக்கோ நிறுவனத்துக்கோ வேறு அமைப்பு கொடுத்த ப்ராஜெக்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அதாவது ஜே.ஆர்.எஃப். போல உன் பெயரில் வந்த பணத்தில் திரட்டியது உன்னோடு வரும்; ப்ராஜெக்டில் திரட்டியது அங்கேயே இருந்துவிடும். நீ அடுத்த டிசம்பர் நெட்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னால் போதும் என்பது என் எண்ணம்.

அதே விதிமுறையில் இன்னும் இரண்டு இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வை. பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. பிள்ளைப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் "படிப்பு எப்போது முடியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். உன் அம்மா பதற்றத்தில் "அடுத்த வருஷம் முடிந்துவிடும்" என்று சொல்லிவிடுவாள். அந்தக் கூடத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன், எத்தனை ஆண்டு என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன். நீ காப்பி கொடுத்துவிட்டு, வந்திருப்பவர்கள் வீட்டில் யார் முதலில் சாப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்டுப் பார்.